எட்டுப் பாதையில் வஹீதுன்னிசா

1.

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லி வைக்கிறேன், படித்து முடித்துவிட்டு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

ஒரு பத்திரிகை நகரத்துப் பூங்காக்களைப் பற்றிச் சிறப்பிதழ் கொண்டுவருகிறது. ஆவடியில் குடியிருக்கிற பாவத்துக்கு மேற்குப் புறநகர் என் தலையில் விழுந்தது. "கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும் சார், பச்சைப்பசேல்னு," என்றார் உதவி ஆசிரியர் கிருபாகரன். சரி என்று ஸ்கூட்டரை எடுத்தேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று சுற்றினேன். புல்லின் மேல் நடக்காதீர் என்று பலகை இருந்தது, புல் இல்லை. குடிநீர் என்று எழுதிய தொட்டி இருந்தது, குழாயைக் காணோம். ஒரு பூங்காவில் மரம், நிழல், பெஞ்சு, பூச்செடி எல்லாமே இருந்தன, கேட்டைத்தான் பூட்டி வைத்திருந்தார்கள். கம்பிக்கு வெளியே நின்று தூங்குமூஞ்சி மரத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியாகப் போன பூங்காவில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். கறுப்பு புர்கா, முகம் மூடவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்து ஒரு பாதை போட்டிருப்பார்களே, இப்போது அது இல்லாத பூங்காவே கிடையாதே, அதில் நடந்துகொண்டிருந்தாள். அடுத்த வளையத்தில் ஒரு மனிதர் நடந்தார். எட்டின் நடுவில், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில், எதிர்ப்படும்போதெல்லாம் இரண்டு பேரும் ஏதோ சொல்லிவிட்டுப் பிரிந்து போனார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. கிருபாகரன் கேட்டது கட்டுரை. என்னிடம் இருப்பது இதுதான், வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும்.

2.

தொடக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

"மாலைச் சூரியன் அம்பத்தூர்ப் பூங்காவின் இலைகளில் தங்கத்தை"

வேண்டாம். அம்பத்தூரில் மாலைச் சூரியன் கம்பெனி பஸ்களின் கண்ணாடியில் பட்டு நம் கண்ணைக் கூச வைக்கிறது, வேறெந்த வேலையும் செய்வதில்லை.

"பூங்காக்கள் ஒரு நகரத்தின் நுரையீரல்"

சீ.

"வஹீதுன்னிசாவுக்கு ஒரு மனிதரோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது."

இது இருக்கட்டும். உண்மையைச் சொல்கிற வாக்கியம். இதற்கு மேல் அழகு செய்தால் கெட்டுப்போகும்.

வஹீதுன்னிசா பூந்தமல்லிக்காரி. ஐம்பதை நெருங்குகிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வருகிற சட்டைகளை விரித்துப் போட்டு, பிசிறு நூலை வெட்டி, கோணல் காலரைத் திருப்பி அனுப்ப வேண்டும். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் அஜ்மல் பூந்தமல்லியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மருமகள் தஸ்லீம் நல்ல பெண். அந்த நல்ல பெண்தான் மாமியாருக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள்.

வரனின் பெயர் அன்வர் பாஷா. கள்ளிக்குப்பத்தில் ஆட்டோக்களுக்கு டாப் தைக்கிறவர். மனைவியை இழந்தவர், பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களோடு வீட்டுக்கு வந்தார். பெரியவர்கள் பேசினார்கள். அவர் டீ குடித்தார். வஹீதுன்னிசா அடுக்களைக் கதவோரம் நின்றாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள், அதோடு சரி. கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது யார் யாரிடம் பேசுவது?

அவர்கள் போன பிறகு அஜ்மல் சொன்னான். "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சி அவங்க ஆளுங்க வருவாங்கம்மா. சரியா இல்லையான்னு சொல்லிடணும். நான் உன்ன கட்டாயப்படுத்தல."

அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் வெள்ளிக்கிழமை வாயைத் திறக்க அவளால் முடியாது.

(முதல் பிரதியில் அவளுக்கு வேறு கேள்வி கொடுத்திருந்தேன். வீடு யார் பெயரில் இருக்கிறது, வேலைக்குப் போக விடுவீர்களா, இந்த மாதிரி. எல்லாம் நியாயமான கேள்விகள். எதுவும் அவள் வாயில் ஒட்டவில்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.)

அவள் கேள்வி இது. கோபம் வந்தால் பேசாமல் இருப்பீர்களா?

அவள் கணவர் கை நீட்டியவர் இல்லை. குடித்தவர் இல்லை. ஊரே அவரைத் தங்கமானவர் என்றது. அவருக்கு மனம் கோணினால் பேச்சை நிறுத்திவிடுவார், அவ்வளவுதான். குழம்பில் உப்பு ஏறினால் ஒரு வாரம். அவள் அண்ணன் வீட்டில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டால் அதற்கு மேல். ஒருமுறை ரம்ஜான் மாதம் முழுக்கப் பேசவில்லை. நோன்பு பிடிக்க விடியுமுன் சஹருக்கு எழுப்புவாள், எழுந்து சாப்பிடுவார், பாத்திரத்தைத் தள்ளி வைப்பார். பெருநாள் அன்று ஊரையெல்லாம் கட்டித் தழுவிவிட்டு வந்தவர், அவளைப் பார்த்து மட்டும் "தண்ணி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று அவள் சந்தோஷப்பட்டாள். அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால்தான் அவளுக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.*

* போனில் கேட்டுவிடலாமே என்கிறீர்கள். நானும் கேட்டேன். அவள் கணவர் போனில் எல்லாரிடமும் தேனாகப் பேசுவார். அவளுக்கு முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

3.

செக்கிங் மேஜையில் பக்கத்து ஆள் கன்னியம்மாள். அயனம்பாக்கத்தில் நிலம் நீச்சு வைத்திருந்த குடும்பம். இப்போது நிலமெல்லாம் வீடு. வஹீதுன்னிசா அவளிடம்தான் சொன்னாள்.

"எம்பொண்ண அவுங்க பாத்தது கோயில் பிராகாரத்துல," என்றாள் கன்னியம்மாள். "புடிச்சா பாத்தோம்பாங்க, புடிக்கலன்னா சாமி கும்பிட வந்தோம்பாங்க. ஒரு பொல்லாப்பும் கெடையாது."

"எங்களுக்கு அப்டி ஒரு எடம் இல்லக்கா. ஊட்ல உக்காந்தா தெருவே எட்டிப் பாக்குது. ஓட்டல்ல உக்காந்தா அஜ்மலு கடைக்கு வர்றவன் எவனாச்சும் பாப்பான்."

"பார்க்கு இன்னாத்துக்குக் கீது? நானும் தொணைக்கு வரேன். தள்ளி உக்காந்துக்கிறேன், தப்பா ஒண்ணும் ஆவாது."

அன்வர் பாஷாவின் நம்பருக்கு அலையவே வேண்டியிருக்கவில்லை. எஸ்டேட் வாசலில் நின்ற ஆட்டோவின் டாப்பிலேயே அவர் பெயரும் கள்ளிக்குப்பம் விலாசமும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. தைத்தவர் கையெழுத்து. கன்னியம்மாள் அதைப் பார்த்தே போன் போட்டாள். "பாய், அந்தம்மா உங்களாண்ட பேசணுமாம். ஆரும் இல்லாத எடமா." அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. பிறகு "வரேன்மா" என்று கேட்டது.

இடம் எது என்று முடிவு செய்தவளும் கன்னியம்மாள்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அயனம்பாக்கம் ஏரிக்கரை. "எங்க ஏரி. காத்து சொம்மா பிச்சிக்கினு போவும்."

எங்கள் ஏரி என்பதுதான் தப்பாகப் போனது. எவருக்கும் தெரியாமல் பேச, தன்னை எல்லாருக்கும் தெரிந்த இடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கரையில் நடந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குப் பங்காளி, மீதிப் பேர் சம்பந்தி. வஹீதுன்னிசாவும் அன்வர் பாஷாவும் கரைச் சரிவில் ஒரு கல்லைப் பார்த்து உட்காரப் போகும் நேரம், கன்னியம்மாளின் சித்தப்பா மகன் பாண்டியன் பைக்கை நிறுத்தினான்.

"இன்னாக்கா, இந்தப் பக்கம்? இவுங்க ஆரு?"

கன்னியம்மாளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். "கம்பெனில தெரிஞ்சவங்க. எடம் பாக்க வந்துகீறாங்க."

பாண்டியன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை அவள் அந்த நேரத்தில் மறந்துவிட்டாள். மனை விற்கிறான். அயனம்பாக்கத்தில் பழைய குடும்பத்துப் பையன்கள் வேறு என்ன செய்வார்கள்?

அடுத்த ஒரு மணி நேரம் மூன்று பேரும் மனை பார்த்தார்கள். கார்னர் மனை, கிழக்குப் பார்த்த மனை, பால்கனியில் நின்றால் ஏரி தெரிகிற மனை. ஏரி தெரிகிற மனைக்குள் கோரைப்புல் முளைத்திருந்தது, கால் வைத்தால் தண்ணீர் ஊறியது.

"இது ஏரிக்குள்ளதானபா கீது?" என்றார் அன்வர் பாஷா.

"ஏரி அப்பறம்தான் பாய் ஸ்டார்ட்டு."

"அப்ப அந்தக் கொக்கு இன்னா, ஓனரா?"

வாக்குவாதம் முற்றியது. அன்வர் பாஷாவுக்குக் குரல் பெரிது. ஏரிக்கு அந்தக் கரையில் நடந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டியதும் எல்லாரும் அவரவர் பஸ்ஸைப் பிடித்தார்கள். வஹீதுன்னிசாவிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பஸ்ஸில் அவள் நினைத்துக்கொண்டு போனது: ஊரோடு சண்டை போடுகிறார், என்னிடம் பேசவில்லை. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தானே இருந்தார், வெளியே எல்லாரிடமும் பேச்சு, என்னிடம் மட்டும் இல்லை.

(இங்கே எனக்கு அன்வர் பாஷாமேல் சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்சம் மென்மையான ஆளாக மாற்றலாமா என்று யோசித்தேன். கண்ணாடி போட்டு, கையில் புத்தகம் கொடுத்து, "அன்வர் பாஷா ஏரியின் மேல் பரவிய மௌனத்தை" என்று எழுதிக்கூடப் பார்த்தேன். வஹீதுன்னிசா எழுந்து கதையை விட்டே போய்விடுவாள் போலிருந்தது. மௌனத்தை அவள் போதுமான அளவு பார்த்துவிட்டாள். அந்த ஆளை அவர் போக்கில் விட்டேன்.)

4.

புதன்கிழமை மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனார்கள். இந்த இடத்தை அன்வர் பாஷா சொன்னார். வெயில் நேரம், கூட்டம் இருக்காது, நிழலில் உட்காரலாம் என்பது அவர் கணக்கு.

கேட்டில் பூட்டு. உள்ளே நெருக்கமாகத் தூங்குமூஞ்சி மரங்கள். நிழல் தரையெல்லாம் விழுந்து கிடந்தது. வாட்ச்மேன் ஒரு மரத்தடியில் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் துண்டை விரித்துக்கொண்டிருந்தார்.

"தொறப்பா."

"நாலு மணிக்குத்தான் பாய். காலைல பத்துக்குப் பூட்டணும், சாயங்காலம் நாலுக்குத் தொறக்கணும். ஆர்டர்."

"வெயில் அடிக்கச்சொல பூட்டிட்டு, வெயில் எறங்கினப்பறம் தொறந்தா, மரம் இன்னாத்துக்குபா வச்சீங்க?"

"உள்ள வந்து தூங்கிடறாங்க பாய்."

"நீ இன்னா பண்ணப் போற?"

வாட்ச்மேன் துண்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நான் ட்யூட்டில கீறேன்," என்றார்.

இதில் என் எரிச்சலும் கலந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கேட்டுக்கு வெளியே நானும் நின்றவன். இந்த ஊரில் யாருக்கு எந்த நேரத்தில் நிழல் தேவைப்படும் என்று ஒரு பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கொரியர் பையைத் தோளில் மாட்டியவர்கள், வேலைக்கு நடுவில் அரைமணி ஓய்வு கிடைத்தவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் மதியத்தில்தான் வருவார்கள். அவர்களுக்கு நடைபாதையில் டிரான்ஸ்பார்மர் நிழல். மரத்தின் நிழல் காலையில் ஷூ போட்டு வருகிறவர்களுக்கு, அதுவும் அவர்கள் வரும் நேரத்தில் சூரியனே இருக்காது.

மூன்று பேரும் டிரான்ஸ்பார்மர் நிழலில் நின்றார்கள். அன்வர் பாஷா தள்ளுவண்டியில் நன்னாரி சர்பத் வாங்கிவந்து கொடுத்தார். வஹீதுன்னிசாவின் டம்ளரில் ஐஸ் குறைவாக இருக்கிறதென்று திரும்பப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் கேள்வியை எடுத்தாள்.

"நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்க ஆரம்பித்தது. பின்னால் தட்டித் தட்டி ஓர் ஆள் "வா வா வா வா" என்று கத்தினான். லாரி அவர்கள் மூன்று பேரையும் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டது. அன்வர் பாஷா லாரிக்காரனிடம் போனார். அந்தச் சண்டை முடிந்தபோது பர்மிஷனும் முடிந்திருந்தது.

5.

இந்த இடத்தில் கிருபாகரன் போன் செய்தார். கட்டுரை எந்த அளவில் இருக்கிறது என்றார். கேட்டில் நிற்கிறது என்றேன். பறவைகள் பற்றி ஒரு பத்தி இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். கொக்கு வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

6.

வியாழக்கிழமை சாயங்காலம். நாளைக்கு வெள்ளி. இனி நாள் இல்லை.

நான் அந்தப் பெண்ணைப் பார்த்த பூங்கா இதுதான். பெயர் வேண்டாம். எஸ்டேட்டிலிருந்து நடந்து போகிற தூரம். சிமென்ட் மான் ஒன்று, உடற்பயிற்சிக் கம்பிகள், சுற்றி நடைபாதை, நடுவில் எட்டு. சிமென்ட் பெஞ்சுகளும் உண்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். இந்த ஊரில் உபயம் கொடுத்தவர் பெஞ்சை ஊருக்குக் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வார், ஆனால் அதில் அவரே வந்து உட்காருவார்.

வஹீதுன்னிசாவும் அன்வர் பாஷாவும் ஒரு பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். கன்னியம்மாள் சிமென்ட் மானுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வஹீதுன்னிசா வாயைத் திறக்கும் முன் விசில் சத்தம் கேட்டது.

நடைப்பயிற்சியாளர் நலச் சங்கத்தின் செயலாளர் திருவேங்கடம். ஓய்வு பெற்றவர், கழுத்தில் விசில் தொங்குகிறது. "அது பாஸ்கரன் சார் பெஞ்சு. இப்ப வந்துடுவார்," என்றார். பிறகு இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இங்க ஜோடியா வந்து சும்மா உக்காரக் கூடாது. சங்கத் தீர்மானம். நீங்க யாரு?"

அன்வர் பாஷா எழுந்தார். குரல் கிளம்பப் போகிறது என்று வஹீதுன்னிசாவுக்குத் தெரிந்தது. அதற்குள் கன்னியம்மாள் மானை விட்டு ஓடிவந்தாள்.

"புருசன் பொஞ்சாதிதான் சார். ரெண்டு பேருக்கும் சக்கர. டாக்டரு நடக்கச் சொல்லிக்கீறாரு."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் பொய்யில் கொஞ்சம் தேறியிருந்தாள். ஆனால் பொய்யைச் சொன்ன இடம் தப்பு. எட்டுப் பாதை இருக்கிற பூங்காவில், சங்கச் செயலாளரிடம், சர்க்கரை என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. திருவேங்கடத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"சர்க்கரையா? எட்டு நடங்க. நானே மாத்திரையைப் பாதியாக் குறைச்சவன். செருப்பைக் கழட்டுங்க. கல்லு உள்ளங்கால்ல குத்தணும்."

மறுத்தால் பொய் வெளிப்படும். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

"சேர்ந்து நடக்கக் கூடாது. சேர்ந்து நடந்தா பேசுவீங்க, பேசினா மூச்சு சிதறும். அம்மா, நீங்க இந்த முனை. ஐயா, நீங்க அந்த முனை. வாயை மூடிக்கிட்டு நடக்கணும். ஆரம்பிங்க."

(பாருங்கள். பேச இடம் தேடி மூன்று நாள் அலைந்த பெண்ணுக்கு, கடைசியில் கிடைத்த இடத்தில் பேசக் கூடாது என்று சட்டம். இதை நான் வேண்டுமென்றே செய்ததாக நினைக்காதீர்கள். அப்படி ஒரு பலகை அங்கே நிஜமாகவே இருந்தது, "எட்டு நடக்கும்போது பேசுவதைத் தவிர்க்கவும்" என்று. அந்தச் சட்டத்தோடு நான் சேர்த்தது விசில் மட்டும்.)

கல் குத்தியது. வஹீதுன்னிசா புர்காவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் செருப்போடு, பல்லைக் கடித்து நடந்தாள். இந்த வயதில், வேலை முடிந்த காலோடு, எவனோ ஒருவன் விசிலுக்கு நான் கல்லின் மேல் நடக்கிறேனே என்று அழுகை முட்டியது. எல்லாம் போதும், நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

முனையிலிருந்து நடுவுக்கு வந்தபோது எதிர்க் கோட்டில் அவரும் வந்து சேர்ந்தார். எட்டில் எதிரெதிர் முனையில் ஆரம்பித்தால் அப்படித்தான். ஒவ்வொரு வளையத்துக்கும் ஒருமுறை, நடுவில் மோதிக்கொள்கிற மாதிரி வர வேண்டும். யாராவது ஒருவர் நிற்க வேண்டும். அவர் நின்றார்.

"நீங்க போங்க," என்றார் மெதுவாக. இவ்வளவு மெதுவாகப் பேச அவரால் முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அவள் அவர் நடந்துவந்த வளையத்துக்குள் போனாள். அவர் இவளுடையதற்குள் போனார். திருவேங்கடம் ஓரத்தில் நின்று, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். வளைவில் திரும்பும்போது வஹீதுன்னிசாவுக்குப் புரிந்தது. நடுவில் ஒரு வாக்கியம் சொல்லலாம். ஒன்றுதான். பதிலுக்கு ஒரு சுற்று காத்திருக்க வேண்டும். சரி. பதிலுக்கு ஒரு மாதம் காத்திருந்தவளுக்கு ஒரு சுற்று பெரிதா?

நடு.

"கோவம் வந்தா பேசாம இருப்பீங்களா?"

கேட்டுவிட்டாள். நிற்காமல் போய்விட்டாள். முதுகுப் பக்கம் அவர் கால் கல்லில் இடறுகிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அவர் குனிந்த தலையோடு நடப்பது தெரிந்தது. மனிதர் யோசிக்கிறார். பதிலைத் தயார் செய்கிறாரோ, பொய்யைத் தயார் செய்கிறாரோ.

நடு.

"கத்துவேன். நீங்கதான் பாத்தீங்களே. அப்பறம் நானே வந்து டீ இருக்கான்னு கேப்பேன்."

ஏரி, வாட்ச்மேன், தண்ணீர் லாரி. இரண்டு நாளும் அவருக்கு எதிராக அவள் சேர்த்து வைத்ததெல்லாம் அந்தச் சுற்றில் வேறு பக்கம் திரும்பியது. அவர் கத்தினார், உண்மை. கத்தி முடித்துப் பாண்டியனுக்குப் பீடிக்கு நெருப்புக் கொடுத்தார். லாரிக்காரனிடம் போன சண்டை முடியும்போது அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார். இதையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். செக்கிங்கில் இருப்பவள் கோணலை மட்டும் தேடிப் பழகிவிட்டாள்.

விசில். "பேச்சு கேக்குதே," என்றார் திருவேங்கடம்.

கன்னியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கம் போனாள். "சார், எனக்கு முட்டி வலிக்கி எந்தப் பக்கமா நடக்கணும்? சித்த வந்து காட்டுங்க." அவருக்கு எட்டைவிடப் பிடித்தது முட்டி வலி. விளக்கிக்கொண்டே உடற்பயிற்சிக் கம்பிகள் பக்கம் போய்விட்டார்.

நடு.

"எங்க ஊட்டுக்காரர் பேசமாட்டார்," என்றாள் வஹீதுன்னிசா. "ஒரு ரம்ஜான் முழுக்கப் பேசல."

இதை அவள் அண்ணனிடம் சொன்னதில்லை. அஜ்மலிடம் சொன்னதில்லை. தங்கமானவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த வளையத்தில் அவளுக்குக் கல் குத்துவதே தெரியவில்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயமாக இருந்தது. இறந்தவரைக் குறை சொல்கிறாள் என்று நினைப்பாரோ. ஐயோ பாவம் என்று சொல்வாரோ. அப்படிச் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

நடு. அவர் நின்றுவிட்டார். அவளும் நிற்க வேண்டியதாயிற்று.

"அந்த மாசம் முழுக்க," என்றார் அன்வர் பாஷா, "நீங்க யாராண்ட பேசினீங்க?"

7.

அவள் நடந்து போய்விட்டாள். இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அவர் ஏன் பேசவில்லை, நீ என்ன செய்தாய் என்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த கேள்வி. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதும் அதுதான். இப்போது அவள் தூர வளைவில் இருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள இரண்டு கையும் காலியில்லை, ஒன்றில் புர்கா, ஒன்றில் செருப்பு. செருப்பை ஓரமாகக் கீழே போட்டாள்.

அந்த மாதம் அவள் யாரிடம் பேசினாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லப் போகிறாள், வளைவு திரும்பிவிட்டாள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அவள் சரி என்கிறாள். நிக்காஹ் சாப்பாட்டில் கன்னியம்மாள் தாளிச்சாவை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறாள். திருவேங்கடம் அழைப்பில்லாமலே வந்து தம்பதிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று விசாரிக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. கிருபாகரன் பாசிட்டிவ் என்பார்.

(ஆ) அவள் வேண்டாம் என்கிறாள். கேள்விக்குப் பதில் கிடைத்த நிம்மதியே அவளுக்குப் போதும், இனித் தனியாகவும் இருந்துகொள்வாள். இதிலும் தப்பில்லை. ஒரு பெண்ணை நல்ல மனிதரிடம் கொண்டுபோய் விட்டே தீர வேண்டும் என்று எந்தக் கதைக்கும் கட்டாயம் கிடையாது.

(இ) பாஸ்கரன் சார் வந்து, தன் பெஞ்சில் யாரோ உட்கார்ந்த சூடு இருக்கிறதென்று

போதும்.

8.

யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். திருவேங்கடம் முதுகைக் காட்டிக்கொண்டு கன்னியம்மாளுக்கு முட்டியை மடக்கிக் காட்டுகிறார். கன்னியம்மாள் இந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை, அவளுக்கு இருக்கிற நாகரிகம் எனக்கு இல்லை. இந்தப் பூங்காவின் வாட்ச்மேன் டீக்குப் போயிருக்கிறார். பாஸ்கரன் சார் இன்னும் வரவில்லை.

அவளைப் பார்த்துக்கொண்டிருப்பது இப்போது நானும் நீங்களும்தான்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் பெண் கேட்டது யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடம். ஏரி கொடுக்கவில்லை. பூங்காக்கள் கொடுக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் எங்கே கொடுக்கப் போகிறார்கள்? அவள் நடுவுக்கு வந்துகொண்டிருக்கிறாள், இன்னும் நாலைந்து எட்டுத்தான் இருக்கும். அவர் அசையாமல் நிற்கிறார். அவள் என்ன சொன்னாள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை என்றேனே, அது கேட்காத தூரம் இல்லை. நான்தான் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்களும் எழுந்திருங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சத்தம் வேண்டாம். வெளியே வந்ததும் கேட்டைச் சாத்துங்கள். பூட்டாதீர்கள்.